நெருப்புக்கு ஒன்பது மணி நேரம், சக்கரத்துக்கு இரண்டு

கேள்வி: சர்க்கரை ஆலை ஒன்று கழித்துப்போட்ட இரண்டடி அகலப் பாதையில் ஓடும் நீராவி இன்ஜினை வட மாநிலத்திலிருந்து வாங்கிவந்து எங்கள் அறக்கட்டளை சீர்செய்திருக்கிறது. எடை 12 டன், பாய்லர் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ. நெருப்பு எரியும் உள் அறையான ஃபயர்பாக்ஸ் தாமிரம். சூடான புகையைப் பாய்லர் தண்ணீரின் ஊடே கடத்தும் ட்யூப்கள் புதியவை, தண்ணீர் அழுத்தச் சோதனை முடிந்துவிட்டது. மாந்தோப்புக்குள் 900 மீட்டர் பாதை போட்டிருக்கிறோம், நடுவில் நூற்றுக்கு ஒன்று ஏற்றம். சனி, ஞாயிறு, விடுமுறை என்று வருஷத்தில் 60 நாள், தினம் ஐந்து மணி நேரம், அரை மணிக்கு ஒரு நடை. இரண்டு பெட்டி, 60 பேர். எதை எரித்து ஓட்டுவது என்பதில்தான் சண்டை. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் நிலக்கரி என்கிறார்கள். ஊட்டி ரயில் மாதிரி எண்ணெய் என்கிறது ஒரு தரப்பு. ஓட்டல்களில் மிஞ்சும் சமையல் எண்ணெய் போதும் என்கிறார்கள் இளைஞர்கள். நெருப்பே வேண்டாம், கம்ப்ரஸர் காற்றில் ஓட்டலாம் என்கிறார் பொருளாளர். பக்கத்தில் வீடுகள் உண்டு. கோடையில் தோப்பு முழுக்கச் சருகு. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாத் தரப்பும் வண்டி ஓடும்போது என்ன எரிகிறது என்றுதான் வாதாடுகின்றன. வண்டி ஓடாதபோது என்ன எரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. உங்களைப் போன்ற சிறிய பாதைக்கு முடிவைச் சொல்வது அந்தக் கேள்விதான், ஆகவே கணக்கை அங்கிருந்தே தொடங்குவோம்.

இந்த அளவு இன்ஜினின் பாய்லரில் சுமார் 1,200 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதோடு சேர்ந்து சூடேற வேண்டிய இரும்பும் தாமிரமும் 5 டன் என்று வையுங்கள். காலையில் 30 டிகிரியில் இருக்கும் அத்தனையையும் 10 கிலோ அழுத்தத்துக்குரிய 183 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 300 யூனிட் வெப்பம் தேவை. மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான். நல்ல நிலக்கரி கிலோவுக்கு 7 யூனிட் தரும். குளிர்ந்த பாய்லரை ஏற்றும்போது அதில் பாதிகூடத் தண்ணீருக்குப் போய்ச் சேராது, பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். ஆக, நீராவி கட்டுவதற்கு மட்டும் 105 முதல் 110 கிலோ நிலக்கரி போகும்.

இனி ஓட்டம். இன்ஜின், பெட்டிகள், ஆட்கள் எல்லாம் சேர்ந்து 24 டன். இந்தப் பாதையில் உருளும் தடைக்கு டன்னுக்கு 10 கிலோ இழுவிசை, ஏற்றத்துக்கு இன்னொரு 10 கிலோ. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றத்தில் தேவைப்படுவது 18 குதிரைத்திறன்கூட இல்லை. எரிபொருளின் வெப்பத்தில் இத்தகைய இன்ஜின் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது 5 சதவீதம் அளவில்தான். அந்த நஷ்டத்தையும், போய்த் திரும்ப ஆகும் 11, 12 நிமிடம் போக மீதி 18 நிமிடம் சும்மா நிற்பதையும் சேர்த்தால், மணிக்கு 20 கிலோ நிலக்கரி. ஐந்து மணி நேரத்துக்கு 100 கிலோ.

காலையில் நீராவி கட்டுவதற்கு ஆகும் எரிபொருளும் நாள் முழுக்க ஓட்ட ஆகும் எரிபொருளும் ஒன்றே! நெருப்பு எரியும் ஒன்பது மணி நேரத்தில் சக்கரம் சுழல்வது இரண்டு மணி நேரம்தான். நீங்கள் எரிபொருள் தேடுவது மீதி ஏழு மணி நேரத்துக்கு.

நீலகிரியின் வழி உங்களுக்குப் பொருந்தாததும் இதனால்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் எக்ஸ் வகை இன்ஜின் கல்லாற்றைத் தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறத்தொடங்கினால் குன்னூர் வரை ஏற்றம்தான். 12 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் ஏற்றம், நாலு சிலிண்டருக்கும் வேலை. தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரம் போக நெருப்பு மணிக்கணக்கில் ஒரே சீராக எரியும். எண்ணெய் பர்னருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. காய்ந்த காட்டுக்குள் தீப்பொறி பறக்கக் கூடாது, செங்குத்தில் ஃபயர்மேன் நிலக்கரி அள்ளிப்போட்டு ஓய்ந்துபோகக் கூடாது என்ற காரணங்களும் அங்கே உண்டு. 2000களின் தொடக்கத்தில் உலை எண்ணெய்க்கு மாற்றினார்கள், பிறகு டீசல் பர்னருக்கும் போனார்கள். திருச்சியின் பொன்மலை ரயில்வே பணிமனை 2021இல் நிலக்கரியில் எரியும் புது எக்ஸ் இன்ஜின் ஒன்றையும் கட்டி அனுப்பியது என்பதை உங்கள் எண்ணெய்த் தரப்புக்குச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பாதைகளும் ஒரே திசையில் போகவில்லை. வேல்ஸில் ஃபெஸ்டினியாக் பாதை காட்டுத்தீக்குப் பயந்து 1970களில் எண்ணெய்க்குப் போய், எண்ணெய் விலை ஏறியதும் 2000களில் நிலக்கரிக்குத் திரும்பியது. அமெரிக்காவில் டுராங்கோ சில்வர்ட்டன் பாதை 2018 காட்டுத்தீக்குப் பிறகு நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. இரண்டுமே அவரவர் இடத்தில் சரி.

என் பரிந்துரை நிலக்கரி. ஆனால் எந்த நிலக்கரி என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன.

தூத்துக்குடி, எண்ணூர், காரைக்கால் பக்கத்து வியாபாரிகளிடம் எளிதில் கிடைப்பது இந்தோனேஷிய நிலக்கரி. சாயப்பட்டறை பாய்லருக்கு அது போதும், உங்களுக்கு ஆகாது. ஈரம் அதிகம், ஆவியாகிப் புகையும் பகுதியும் அதிகம், வெயிலில் காய்ந்தால் உதிர்ந்து தூளாகும், குவித்துவைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். விலை பேசும்போது ஒரு பொறியும் உண்டு. ‘4,800 கலோரி’ என்பார்கள், அதாவது கிலோவுக்கு 4,800 கிலோகலோரி. காற்றில் உலர்த்திய மாதிரியின் கணக்கு அது. லாரியிலிருந்து இறங்கும் நிலையில் அதே சரக்கு 4,000 பக்கம் நிற்கும். சோதனைச் சீட்டில் ‘வந்த நிலையில்’ என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதி தண்ணீர், அதை நினைக்கவே வேண்டாம். அஸ்ஸாம் நிலக்கரியில் சாம்பல் குறைவு, பழையவர்களுக்கு அதன்மேல் ஒரு மயக்கம் உண்டு. கந்தகம் மிகுதியாக இருப்பதால் உங்கள் தாமிர ஃபயர்பாக்ஸை அது தின்றுவிடும்.

தேடவேண்டியது இது: வெப்பம் கிலோவுக்கு 6,000 கிலோகலோரி, சாம்பல் 15 சதவீதத்துக்குள், ஆவியாகும் பகுதி 25 முதல் 30, கந்தகம் 1க்குக் கீழே, சாம்பல் உருகும் வெப்பநிலை 1,300 டிகிரிக்கு மேல். தென்னாப்பிரிக்கச் சரக்கு இதற்கு நெருங்கி வரும். ஆனால் தூளும் கட்டியும் கலந்துதான் வரும். 20 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் கட்டிகளை மட்டும் எடுங்கள். கோழி முட்டையிலிருந்து மூடிய கைமுட்டி வரை உள்ள அளவு உங்கள் கிரேட்டுக்கு, அதாவது நெருப்பைத் தாங்கும் கம்பித்தட்டுக்கு, சரி. பாதி தூளாகப் போனாலும் அதிர்ச்சியடைய வேண்டாம், செங்கல் சூளைக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். சலித்தபின் கிலோ 20 ரூபாய் விழுந்தால்கூட நாளுக்கு 4,500 ரூபாயைத் தாண்டாது. கிரேட் வழியே விழுவது உட்பட வருஷத் தேவை 13 டன் சொச்சம், ஒரு டாரஸ் லாரி லோடு. மொத்தமாக வாங்குமுன் 200 கிலோ மட்டும் வாங்கி எரித்துப் பாருங்கள். சாம்பல் தட்டில் விழுந்ததையும் கிரேட்டில் பிடித்த கசடையும் எடை போடுங்கள். நூறு கிலோவுக்கு 20 கிலோவைத் தாண்டினால் அந்த வியாபாரிக்கு ஒரு வணக்கம்.

கசடுக்கு இன்னொரு காரணம் உங்கள் கையில் இருக்கிறது. நெருப்பை அடிக்கடி கிளறினால் சாம்பல் மேலே எழுந்து சூடான பகுதிக்குள் போய் உருகும், இறங்கும்போது கிரேட்டில் கண்ணாடிப் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். காற்று வழி அடைந்து ஒரு மூலை கறுக்கும், அழுத்தம் சரியும். கம்பியை மேலிருந்து குத்தாதீர்கள். கிரேட்டை ஒட்டிக் கிடையாகச் செலுத்தி, லேசாகத் தூக்கி விடுங்கள், போதும்.

அக்கம்பக்கத்து வீடுகள் பற்றிய கவலை நியாயம்தான். கறும்புகை எழுவது காலையில் நீராவி கட்டும்போதும், நிலையத்தில் நிற்கும்போதும். காரணம் இரண்டுக்கும் ஒன்றே. இன்ஜின் இழுக்காதபோது சிலிண்டரிலிருந்து வரும் நீராவி புகைபோக்கியில் இழுப்பை உண்டாக்குவதில்லை. காற்றில்லாமல் நிலக்கரியின் வாயு எரியாமல் போகிறது. அதனால் புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, புகைபோக்கிக்குள் நீராவியைப் பீய்ச்சி இழுப்பை உண்டாக்கும் ப்ளோயரைக் கால்வாசி திறந்துவைத்து, கதவோரம், பின் மூலைகள் என்று நாலைந்து சிறு கரண்டி மட்டும் போடுங்கள். ஃபயர்பாக்ஸ் கதவு இரண்டு விரல் அகலம் திறந்திருக்கட்டும், மேல்காற்று உள்ளே போனால் புகை அரை நிமிடத்தில் வெளுக்கும். வெளுத்ததும் கதவைச் சாத்துங்கள், இல்லையென்றால் குளிர்காற்று ட்யூப் முனைகளில் அடிக்கும். நெருப்பின் கனம் 10, 12 சென்டிமீட்டர் போதும். நீண்ட தூர எக்ஸ்பிரஸ் ஓட்டிய பழக்கத்தில் உங்கள் பெரியவர்கள் ஃபயர்பாக்ஸை நிரப்பிவைப்பார்கள். அப்படி நிரப்பினால் நிலையத்தில் நிற்கும் 18 நிமிடமும் சேஃப்டி வால்வு சீறிக்கொண்டே இருக்கும். பார்க்க அழகு, எரிவது உங்கள் பணம்.

காலைப் புகைக்கு விறகுதான் மருந்து. ஒரு வருஷம் காய்ந்த சவுக்கு 40 கிலோவை இரண்டு விரல் கனத்தில் பிளந்து முதலில் அடுக்குங்கள். விறகு முழுக்கத் தணலான பிறகே நிலக்கரி. முதல் ஒரு மணி நேரம் எதையும் அவசரப்படுத்தாதீர்கள். தாமிரமும் எஃகும் ஒரே அளவில் விரிவதில்லை. வேகமாக ஏற்றினால், ஃபயர்பாக்ஸை வெளித்தகட்டோடு பிணைக்கும் ஸ்டே போல்ட்களின் தலைகளில் தண்ணீர் கசியத் தொடங்கும். குளிர்ந்த பாய்லருக்கு நாலு மணி நேரம் கொடுங்கள்.

புகை வரும் வேறொரு வழியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நீராவி ஏறியதும் ப்ளோயரைத் திறந்து, எரியும் திரி ஒன்றை, புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் புகை அறையான ஸ்மோக்பாக்ஸின் கதவு விளிம்பை ஒட்டி மெதுவாகச் சுற்றிவாருங்கள். எங்கே சுடர் உள்ளே சாய்கிறதோ அங்கே காற்று கசிகிறது. கசிவு இருந்தால் நெருப்பின் மேல் இழுப்பு குறையும், ஸ்மோக்பாக்ஸில் விழுந்த கரித்துண்டுகள் அங்கேயே எரியும், கதவின் பெயின்ட் கொப்பளிக்கும். புதிய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு கிடைக்கிறதே என்று போடாதீர்கள், கண்ணாடி இழைக் கயிறு போதும்.

சருகுக்கு வருவோம். தீ பிடிப்பது இரண்டு இடத்தால். புகைபோக்கிப் பொறிக்கு ஸ்மோக்பாக்ஸுக்குள் 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு வலை. ஓட்டும் ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றித் தட்டவேண்டும். அடைத்த வலை இழுப்பைக் கொன்றுவிடும். பலர் மறப்பது சாம்பல் தட்டை. அதன் பக்கவாட்டு இடுக்கு வழியே விழும் தணல்தான் தண்டவாள ஓரப் புல்லைப் பற்றவைக்கும். காற்றுவாய்களுக்கு வலை அடியுங்கள், பாய்லருக்குத் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரின் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்துச் சாம்பல் தட்டுக்குள் நீர் தெளிக்கும் துளைக்குழாய் ஒன்று வையுங்கள். பாதையின் இருபுறமும் இரண்டிரண்டு மீட்டர் சுத்தமாகச் செதுக்குங்கள். பிப்ரவரி முதல் மே வரை கடைசிப் பெட்டியில் விசைத்தெளிப்பானோடு ஒரு ஆள் உட்காரட்டும், மருந்து அடிக்கும் அதே முதுகுத் தெளிப்பான்தான். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அவர் பாதையை ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். பலத்த காற்றடிக்கும் மத்தியானங்களில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

எண்ணெய்த் தரப்புக்கும் நியாயமான பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் தீயணைப்புத் துறை கோடையில் நிலக்கரியை அனுமதிக்காவிட்டால் அவர்கள் வழிதான் மிஞ்சும்.

உலை எண்ணெய் வேண்டாம். அதைக் குழாயில் ஓடவைக்கவே சூடேற்ற வேண்டும், பர்னரில் பூந்தூறலாகச் சிதற 100 டிகிரி பக்கம் கொண்டுபோக வேண்டும். நாளெல்லாம் சூடாக இருக்கும் இன்ஜினுக்கு அது சரி. ஒவ்வொரு முறையும் குளிர்ந்துபோகும் உங்கள் இன்ஜினில் அதன் கந்தகம் ட்யூப் முனையிலும் ஸ்மோக்பாக்ஸிலும் அமிலமாகப் படியும். வருஷத்துக்கு 60 முறை குளிர்ந்து சூடாகும் பாய்லருக்கு அது மெல்லக் கொல்லும் விஷம்.

டீசலில் கந்தகத் தொல்லை இல்லை. லிட்டருக்கு 10 யூனிட் வெப்பம். நீராவி கட்ட 50 லிட்டர், ஓட்ட 65 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் நாளுக்கு 10,500 ரூபாயைத் தாண்டும். நிலக்கரியோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் கூடுதல். இருப்பு வைப்பதில் சிக்கல் குறைவு. மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மிகாமல் இருந்தால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை.

மாற்றம் செய்தால் திரும்பக் கழற்றும்படி செய்யுங்கள். கிரேட் கம்பிகளை எண் போட்டு எடுத்துவையுங்கள். அந்த இடத்தில் எஃகுத் தட்டு, அதன்மேல் அலுமினா மிகுந்த தீச்செங்கல். பர்னர் ஒரு முனையில், எதிர்முனையில் சுடர் மோதித் திரும்பச் செங்கல் சுவர். பக்கத் தகடுகளின் கீழ் இரண்டு மூன்று வரிசை ஸ்டேக்களைச் செங்கல் மறைக்கவேண்டும். சுடரின் நாக்கு தாமிரத்தைத் தொட்டால் அந்த இடம் சில மாதத்தில் மெலிந்துவிடும். எண்ணெய்த் தொட்டி 150 லிட்டர், அடியில் இரட்டை வடிகட்டி, ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே இழுப்பில் மூடும் வால்வு, எண்ணெய் அளவைத் துல்லியமாகக் கூட்டிக்குறைக்க ஊசி வால்வு. எண்ணெயைச் சிதறடிக்க நீராவி வேண்டும், காலையில் நீராவி இருக்காது. அதனால் முதல் 2 கிலோ அழுத்தம் வரும்வரை இதற்கும் ப்ளோயருக்கும் ஷெட் கம்ப்ரஸர் காற்று. ஃபயர்பாக்ஸ் கதவில் கண்ணாடி வைத்த பார்வைத் துளை.

ஆள் அடிபடுவது பற்றவைக்கும்போதுதான், அதனால் வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். காற்றுவாயின் மூடியான டேம்பரைத் திறந்து ப்ளோயரை மூன்று நிமிடம் ஓடவிடுவது முதல் வேலை. அடுத்து, தட்டில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைப்பது. பிறகு மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திய காட்டன் வேஸ்ட்டைக் கம்பி நுனியில் பர்னர் வாய்க்கு முன் வைப்பது. அப்புறம் சிதறடிக்கும் காற்று, கடைசியில் எண்ணெய். திறப்பவர் கதவுக்கு நேராக நிற்கக் கூடாது. சுடர் அணைந்தால் எண்ணெயை மூடி, மறுபடி ப்ளோயரில் தொடங்கி முழு வரிசையும். செங்கல் சிவப்பாகத்தானே இருக்கிறது, எண்ணெயைத் திறந்தால் தானே பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பவர் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் புருவத்தை இழப்பார். ஆவி நிறைந்து ஒரேயடியாக வெடித்துக் கதவு வழியே வரும்.

நான் தயங்குவதற்குப் பெரிய காரணம் இன்னொன்று. நிலையத்தில் நிற்கும்போது அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் எண்ணெய் நெருப்பை அணைக்கத் தோன்றும், வசதியும் அதுதானே. அணைத்த நொடியில் 1,000 டிகிரிக்கு மேலிருந்த இடத்தில் குளிர்காற்று நுழையும். டேம்பரையும் ப்ளோயரையும் உடனே மூடினால் தப்பலாம். ஒருவர் மறந்தாலும் ட்யூப் முனை கசியும். நாளுக்குப் பத்து நடை, வருஷத்துக்கு அறுநூறு முறை இந்தச் சோதனை. நிலக்கரித் தணல் தானாக மெல்லத் தணியும், பதற்றமில்லை. அணைக்காமல் சிறு சுடரில் வைத்தால் கரி படியும். எண்ணெய் இன்ஜின்களில் ஒரு கரண்டி காய்ந்த மணலை உள்ளே வீசிக் கரியை உரித்து வெளியேற்றுவார்கள், ஆனால் அதற்கு இன்ஜின் முழு மூச்சில் இழுக்கவேண்டும். உங்கள் 900 மீட்டரில் அந்த மூச்சே வராது. பத்து நாள் ஓட்டத்துக்கு ஒருமுறை ட்யூப்களைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் எண்ணெய் யோசனை கேலிக்குரியதல்ல. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பாதையில் 1923இல் கட்டிய 4960 எண் இன்ஜின் மிஞ்சிய தாவர எண்ணெயில் ஓடுகிறது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை மறுபடி சமைக்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது, அதனால் சரக்கு கிடைக்கும். சிக்கல் வேறிடத்தில். குளிரில் அது கெட்டி, 80 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். எளிதில் தீப்பிடிக்காது என்பதால் நீராவி கட்டும்வரை டீசல்தான். உங்கள் கணக்கில் அது பாதி எரிபொருள், ஆக மிச்சம் நினைத்ததில் பாதிதான். பஜ்ஜித் தூள் வடிகட்டியை அடைக்கும். எண்ணெயில் உள்ள அமிலம் தாமிரம், பித்தளைக் குழாய்களில் பச்சைப் பசையாகப் பிடிக்கும், எல்லாம் எஃகுக் குழாயாக வேண்டும். ஓட்டாத ஐந்து நாளில் குழாய்க்குள் பிசினாக இறுகும், மாலையில் கடைசிப் பத்து நிமிடம் டீசலுக்கு மாற்றிக் கழுவியே நிறுத்தவேண்டும். டீசல் அமைப்பில் ஒரு வருஷம் கை பழகியவர்கள் இதற்கு வரலாம். முதல் அடியே இதில் வைக்கவேண்டாம்.

கடலைத்தொலி, மரத்தூளில் அழுத்திச் செய்யும் ஒயிட் கோல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது கேட்பார்கள். சூடேறியதும் பிரிந்து உதிரும், இழுப்பில் பொறியாகப் பறக்கும், சாம்பல் ட்யூப் தகட்டில் கண்ணாடியாகப் படியும். சருகுத் தோப்பில் கூடவே கூடாது.

பொருளாளரின் காற்றைக் கணக்குப் போட்டே முடித்துவிடலாம். உங்கள் சிலிண்டர் 200 மி.மீ. விட்டம், 300 மி.மீ. ஓட்டம், சக்கரம் 700 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், 900 மீட்டர் போக சக்கரம் 410 சுற்று சுற்றும். 3 கிலோ அழுத்தத்தில், பிஸ்டன் ஓட்டத்தின் முக்கால்வாசிக்கு மட்டும் காற்று விட்டால்கூட, அதற்குச் சுமார் 46 கனமீட்டர் வெளிக்காற்று வேண்டும். 10 குதிரைத்திறன் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் தரும். ஒரு வழி போக முக்கால் மணி நேரம் காற்றடிக்க வேண்டும்! பாய்லரில் அடைத்துவைத்தாலும் பாதி தூரம்கூட வராது. பாய்லரைக் காற்றுக்கலமாகப் பயன்படுத்தத் தனி அனுமதியும் வேண்டும். ஈரக் காற்று உள்ளே துருவேற்றும், சிலிண்டரில் எண்ணெய்ப் படலம் நிற்காது. வால்வு நேரம் சரிபார்க்க, பள்ளிப் பிள்ளைகளுக்கு நின்ற இடத்தில் சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சுற்றிக்காட்ட, காற்று அருமையான வழி. இழுக்க அல்ல.

மின்சாரத்தை யாரும் சொல்லாதது ஆச்சரியம். 1943இல் நிலக்கரித் தட்டுப்பாட்டில் சுவிஸ் ரயில்வே இரண்டு சிறு ஷண்டிங் இன்ஜின்களின் தலையில் மின்கம்பி தொடும் கருவியை ஏற்றி, 480 கிலோவாட் ஹீட்டரால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓட்டியது. உங்களுக்கு அது வேண்டாம். ஆனால் அதே நாட்டின் பிரியன்ஸ் ரோதோர்ன் மலைப்பாதையில் 1990களில் வந்த எண்ணெய் இன்ஜின்களை இரவில் மின்சாரத்தால் சூடாக வைத்திருப்பது எடுத்துக்கொள்ளத் தகுந்தது. 12 கிலோவாட் ஹீட்டர் ஒன்று வெள்ளி இரவு முழுக்க 12 மணி நேரம் ஓடினால் பாய்லரை 100 டிகிரிக்கு நெருக்கத்தில் கொண்டுவரும். செலவு 145 யூனிட். காலை நிலக்கரி பாதியாகும், புகையும் பாதியாகும், தாமிரத்துக்கும் சுகம். பாய்லரின் அடியில் படியும் சேற்றைக் கழுவும் துளையான மட்-ஹோலின் மூடியில் ஹீட்டருக்குப் புது ஃபிளாஞ்ச் வைக்கவேண்டியிருக்கும், தண்ணீர் இறங்கினால் தானே நின்றுவிடும் ஏற்பாடும் வேண்டும். இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. ரயில்வேயின் கட்டுப்பாட்டில் உள்ள இன்ஜின் பாய்லருக்குக் கொதிகலன் சட்டத்தில் விலக்கு உண்டு, உங்கள் அறக்கட்டளைக்கு இல்லை. 1923 சட்டத்தின் இடத்தில் 2025இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பதிவு, ஆண்டுச் சான்று, தகுதிச் சான்று பெற்ற பாய்லர் அட்டெண்டர் மூன்றும் வேண்டும். எண்ணெய்க்கு மாற்றுவதோ ஹீட்டர் துளை போடுவதோ மாநிலக் கொதிகலன் இயக்ககத்துக்கு வரைபடம் அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகு செய்யும் வேலை. செய்துவிட்டுக் காட்டினால் சான்றே நின்றுபோகும்.

பொதுமக்களை ஏற்றுமுன் வெறும் பெட்டிகளோடு மூன்று நாள் ஓட்டுங்கள். கால் மணிக்கு ஒருமுறை அழுத்தம், தண்ணீர் மட்டம், போட்ட கரண்டி எண்ணிக்கை, சேஃப்டி வால்வு எத்தனை முறை தூக்கியது, புகை எத்தனை நிமிடம் கறுப்பாக இருந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். மூன்றாம் நாளும் நிலையத்தில் வால்வு தூக்கிக்கொண்டே இருந்தால் கிரேட் உங்கள் வேலைக்குப் பெரிது என்று பொருள். முன்பக்கக் கம்பிகளில் கால்வாசியைத் தீச்செங்கலால் மூடிப் பாருங்கள். அந்தத் தாளோடு, சிலிண்டர் நீராவியைப் புகைபோக்கிக்குள் ஊதும் ப்ளாஸ்ட் பைப் வாயின் விட்டத்தையும் அளந்து அனுப்பினால், மேற்கொண்டு சொல்கிறேன்.